ரயில் கேட்டுக்கு அப்பால் ஊற்றிய தண்ணீர்

என் மகன் ஜெரால்டுக்கு,

தபாலில் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மாத்திரைக்கு அடங்கிக் கிடக்கின்றன. வீட்டுப் பத்திரம் பீரோவில் வைத்த இடத்தில் இருக்கிறது. இரண்டாம் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கேட்டாலும் யாரும் வர மாட்டார்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். பேச்சை மாற்றுவதில் எனக்கு முப்பத்தாறு வருட அனுபவம் உண்டு. லேத் ஓட்டிய அனுபவத்தைவிட அது அதிகம். காகிதத்தில் அந்த வித்தை செல்லாது. பத்தாம் வகுப்பை இரண்டு தடவையில் தாண்டியவன் எழுதுவது, பிழை இருக்கும். பிழையை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது நீ ஹைதராபாத்திலிருந்து பேசினாய். உன் அம்மாவின் கல்லறைக்கு வைக்கிற கருங்கல்லில் என்ன பொறிக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. திருமழிசையில் கல் பொறிக்கிறவர் மூன்று தடவை கேட்டுவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் கல்லை நிறுத்திவிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நீ எழுதியிருந்தது நல்ல வரிதான். "ரெஜினா, தன் மூத்த மகன் அந்தோணியோடு மோட்சத்தில் சேர்ந்திருக்கிறார்." நான் எழுத்து பெரிதா சிறிதா என்றேன், கல் கறுப்பா சாம்பலா என்றேன், அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா பேர்ல ஒரு வரி எழுத உனக்கு இன்னாப்பா கஷ்டம்? அண்ணனைப் பத்திப் பேசினாலே நீ எழுந்து போயிடுவ. உன்னைப் பொறுத்தவரைக்கும் அவன் செத்ததோட முடிஞ்சிட்டான்" என்றாய். அப்புறம் நீயே குரலைத் தணித்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

நான் எழுந்து போய்விடுவேன் என்று நீ சொன்னது சரி. முடிந்துவிட்டான் என்றதுதான் சரியில்லை. அந்த வரியைக் கல்லில் வெட்டச் சொல்ல என்னால் முடியாததற்குக் காரணம், அது உண்மையா என்று எனக்குத் தெரியாததுதான். ஏன் தெரியாது என்பதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இப்போது அவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

உன் அண்ணன் பிறந்தபோது நாங்கள் அம்பத்தூரில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஓர் அறையும் சமையல்கட்டும் இருந்த வாடகை வீட்டில் இருந்தோம். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு லேத் வேலை. பிள்ளை நல்ல எடையோடு பிறந்தான். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமையே கோயிலுக்குக் கொண்டுவா, ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றார். உன் அம்மாவும் அதையே சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. உன் மாமா அப்போது குவைத்தில் இருந்தார். ஒரு மாதத்தில் லீவில் வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். அவரே ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும், பட்டறைக்காரர்கள் எல்லாரும் வந்து பிரியாணி சாப்பிட வேண்டும், வெளிநாட்டு மச்சான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு என் பிள்ளையைத் தூக்கி நிற்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உன் அம்மா தினமும் கேட்பாள். "மாமன் வர்ற வரைக்கும் புள்ள காத்துகினு இருக்குமாய்யா?" என்பாள். எங்கே ஓடிப்போகப் போகிறான் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. உனக்கு அது தெரிந்திருக்காது, உங்கள் காலத்து மறைக்கல்வியில் அந்தப் பாடம் இல்லை. எங்களுக்குக் கோயிலில் உபதேசியார் பாடம் சொல்லித் தந்தார். செத்தவர்கள் போகிற இடங்களை விரல் விட்டு எண்ணிச் சொல்ல வேண்டும், தப்பினால் முழங்கால் போட வேண்டும். மோட்சம், நரகம், மோட்சத்துக்குப் போகுமுன் பாவக்கடனைத் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலம். நான்காவது, ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போன பிள்ளைகள் இருக்கிற இடம். அங்கே நெருப்பு இல்லை, வலி இல்லை, அடி இல்லை. ஆனால் கடவுளுடைய முகம் மட்டும் எப்போதும் தெரியாது என்றார் உபதேசியார். நரகத்தைப் பற்றி அவர் சொன்னபோது நாங்கள் பின்வரிசையில் இடித்துக்கொண்டு சிரித்தோம். இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே மூன்று நான்கு வீட்டில் அப்படிப்பட்ட பிள்ளைகள் உண்டு. அவற்றைச் சாமியார் மந்திரித்த கல்லறைப் பூமியில் வைக்கவில்லை, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே வைத்தார்கள்.

அதே உபதேசியார்தான் இன்னொன்றும் சொல்லித் தந்தார். ஆபத்து நேரத்தில் சாமியாருக்காகக் காத்திருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் பிள்ளையின் தலையில் தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது செல்லும். ஒரே ஒரு நிபந்தனை, பிள்ளைக்கு உயிர் இருக்க வேண்டும். அந்தப் பாடத்தை நான் ஒரு தடவையில் மனப்பாடம் செய்தேன். கணக்கும் இங்கிலீசும் மண்டையில் ஏறாதவனுக்கு அது மட்டும் எப்படி ஏறியது என்று தெரியவில்லை.

பிள்ளைக்கு இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தபோது காய்ச்சல் வந்தது. காலையில் லேசாகத்தான் இருந்தது. மத்தியானம் மார்பு உள்வாங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. உன் அம்மாவுக்கே காய்ச்சல், அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை அவளுக்குத் துணைக்கு விட்டுவிட்டு, பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். கேட் போட்டிருந்தார்கள். ஒரு எலக்ட்ரிக் ட்ரெயின் போனது. கேட் திறக்கவில்லை, கூட்ஸ் வண்டி வருகிறது என்றார்கள். கூட்ஸ் வந்தது, பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, மார்பு அசைவது மட்டும் தெரிந்தது. ஆட்டோவுக்குப் பக்கத்திலேயே டீக்கடை. கடை வாசலில் பிளாஸ்டிக் டிரம்மும் அதன் மேல் டம்ளரும் இருந்தன. கையை நீட்டினால் தண்ணீர்.

எனக்குத் தோன்றாமல் இல்லை, ஜெரால்டு. தோன்றியது. இப்போது ஊற்று என்று யாரோ சொன்ன மாதிரியே இருந்தது. ஏன் ஊற்றவில்லை என்பதை இத்தனை வருடத்தில் பலவிதமாக எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஊற்றினால் பிள்ளை போகப்போகிறான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. மிச்ச உண்மை இதுதான்: எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் சைக்கிள்காரர்கள், லாரி, டீ குடிக்கிறவர்கள். நடுரோட்டில் காய்ச்சல் பிள்ளையின் தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றி மந்திரம் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று நினைத்தேன். யார் அவர்கள்? ஒருவர் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. அவர்கள் என்ன நினைப்பார்களோ என்பதற்காக உன் அண்ணனை அப்படியே மடியில் வைத்திருந்தேன்.

கேட் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்சம்மா துண்டை விலக்கிப் பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிப் பார்த்தார், கண்ணைத் திறந்து பார்த்தார். வருகிற வழியிலேயே போய்விட்டது, கொஞ்ச நேரம் ஆகியிருக்கும் என்றார். நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஒரு குழாய் இருந்தது. திறந்து, கையில் பிடித்து, மூன்று தடவை தலையில் ஊற்றினேன். மந்திரத்தை ஒரு எழுத்துத் தப்பாமல் சொன்னேன். அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள். அப்போது கூச்சமாக இல்லை.

திரும்பி வர அதே ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோக்காரர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, "தலையத் துவட்டு அண்ணாத்தே, சளி புடிச்சிக்கும்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிக்கொண்டார். வண்டியை எடுத்தார். நான் தலையைத் துவட்டவில்லை.

உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள். அலறுவாள் என்று நினைத்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தொட்டாள், ஈரமாக இருந்தது. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள், "தண்ணி ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

"உசிரு இருக்கசொல்லவா, போறதுக்கு முன்னாடியேவா?"

அவள் முகத்தை நீ பார்த்திருந்தால் நீயும் அதையேதான் சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லை, நீ சொல்லியிருக்க மாட்டாய், நீ என்னைவிட நேர்மையானவன். நான் சொன்னேன்: "ஆமா. கேட்டாண்ட நிக்கசொல்ல." அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழுகையிலும் ஒரு நிம்மதி இருந்தது, எனக்கு அது கேட்டது.

சாயங்காலம் சாமியாரிடம் போனேன். அவர் வயதானவர், கண்டிப்பானவர். உயிர் இருந்ததா, நிச்சயமாகத் தெரியுமா என்று இரண்டு தடவை கேட்டார். இருந்தது சாமி என்று இரண்டு தடவையும் சொன்னேன். ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்தார். என்ன பேர் வைத்தாய் என்றார். நான் பேரே வைக்கவில்லை. வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஞானஸ்நானத்தன்று மாமன் வாயால் பேர் வைக்கலாம் என்று விட்டிருந்தோம். சாமியாருக்குப் பின்னால் அந்தோணியார் சுரூபம் இருந்தது. அந்தோணி என்றேன். எழுதிக்கொண்டார். உன் அண்ணன் உயிரோடு இருந்த இருபத்திரண்டு நாளில் ஒருவரும் அவனை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மோட்சத்தில் யாராவது அந்தோணி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியுமா என்று சில சமயம் நினைப்பேன். பைத்தியக்காரத்தனமான யோசனைதான். பட்டறையில் வேலை செய்யும்போது அப்படிப்பட்ட யோசனைகள்தான் வரும்.

சுவருக்கு உள்ளே, மந்திரித்த பூமியில், பிள்ளைகள் வரிசையில் அடக்கம் நடந்தது. சாமியார் கறுப்பு உடுப்பு போடவில்லை, வெள்ளை போட்டிருந்தார். ஞானஸ்நானம் வாங்கிய பச்சைக் குழந்தைக்குப் பாவம் இல்லை, ஆகவே இந்த ஆத்துமாவுக்காக நாம் வேண்ட வேண்டியதில்லை, இது நமக்காக வேண்டிக்கொள்ளும் என்று எல்லாருக்கும் சொன்னார். உன் அம்மா அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். சாகிறவரை விடவில்லை.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது அவள் சொன்னது அண்ணனிடம்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும்போது, அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போ என்பாள். நீயும் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நின்று, அண்ணா கணக்குப் பரீட்சை என்பாய். நான் வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டுவதாகப் பாவனை செய்வேன். நீ கணக்கில் தொங்கிக்கொண்டு பாஸ் ஆனாய். அண்ணன் பார்த்துக்கொண்டான் என்றாள் உன் அம்மா. அண்ணன் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பார்த்திருக்கலாம் என்று நான் சொன்னேன். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் பின்பக்கம் போய்ப் பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டேன். நான் எழுந்து எழுந்து போனதெல்லாம் இப்படித்தான்.

மகனே, உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் இது ஒன்றைக் கேட்டுக்கொள். உன் மனைவிக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லும்படி நேர்ந்தால், அதை அன்றைக்கே எடுத்துவிடு. மறுநாள் கஷ்டம். ஒரு வருடம் போனால் அதன் மேல் வீடு கட்டிக் குடியேறிவிடுவார்கள். பிறகு அதை உருவினால் கூரை உன் மேல் விழாது, அவர்கள் மேல்தான் விழும். நான் சொல்லாமல் இருந்ததற்கு அன்பு என்றும் பேர் வைக்கலாம், கோழைத்தனம் என்றும் வைக்கலாம். இரண்டும் ஒரே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வரும், எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை.

பட்டறையில் என்னோடு இரண்டு பேர் சாப்பிடுவார்கள். தேவராஜ் பெந்தெகொஸ்தே சபை, மூர்த்தி இந்து. பிள்ளை செத்ததை மட்டும் சொல்லியிருந்தேன், தண்ணீர் சமாச்சாரம் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன பாவம் தெரியும், அது நேராக ஆண்டவர் மடிக்குத்தான் போகும், குழந்தை ஞானஸ்நானமே கணக்கில் சேராது என்றான் தேவராஜ். அதை நம்ப எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அவன் கணக்கில் செத்தவர்களுக்காக ஜெபிப்பதும் கிடையாது. "ஆள் போன பெறகு ஜெபம் பண்றது, ட்ரெயின் போன பெறகு டிக்கெட் எடுக்கற மாதிரிபா" என்றான். ஆறுதலை மட்டும் அவன் சபையிலிருந்து எடுத்துக்கொண்டு, என் தாய் தகப்பனுக்கான பூசையை என் கோயிலில் வைத்துக்கொள்ள முடியுமா? மூர்த்தி தட்டைக் கழுவிக்கொண்டே, "உன் ஊட்லயேதான் திரும்பப் பொறப்பான், பாரு மாமே" என்றான். நான் சிரித்தேன். ஆனால் இரண்டரை வருடம் கழித்து நீ பிறந்தபோது, முதல் வேலையாக உன் இடது காதை மடித்துப் பார்த்தேன். அவனுக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு. உனக்கு இல்லை. நீ நீயாகத்தான் வந்திருந்தாய். அப்படிப் பார்த்தது கிறிஸ்தவனுக்குப் பாவம். அதையும் இப்போது உன்னிடம் சொல்லிவிட்டேன்.

என்னை அரித்தது எது தெரியுமா? ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால், பூசையில் வாசிக்க நம் வீட்டில் செத்தவர்கள் பேரை எழுதிக் கொடுப்போம். என் அப்பா, அம்மா, உன் அம்மா வழிப் பெரியவர்கள் எல்லாரும் இருப்பார்கள். அந்தோணி இருக்க மாட்டான். அவன்தான் மோட்சத்தில் இருக்கிறானே, அவனுக்கு எதற்கு ஜெபம்? நீ எட்டாவது படிக்கும்போது ஒரு தடவை தைரியமாக அவன் பேரைக் கடைசியில் எழுதினேன். உன் அம்மா வாங்கிப் பார்த்து, பேனாவால் அடித்துவிட்டாள். "இன்னாய்யா நீ, நமக்காக வேண்டிக்கிறவனுக்கு நாம வேண்டறதா? அவனுக்கு அவமானம்யா" என்றாள். மறதியாக எழுதிவிட்டேன் என்றேன். யோசித்துப் பார். ஒருவேளை நான் ஊற்றிய தண்ணீர் செல்லாமல், அவன் எங்கேயாவது வெளியே நின்றுகொண்டிருந்தால், உலகத்தில் அவனுக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம்கூடச் சொல்ல ஆளில்லாமல் செய்தவன் நான். அம்மாவுக்குத் தெரியாமல் நானாவது தனியே ஜெபித்திருக்கலாம். முழங்கால் போடுவேன். போட்டதும், செய்ததையெல்லாம் செய்துவிட்டு எந்த முகத்தோடு கேட்கிறாய் என்று தோன்றும். எழுந்துவிடுவேன்.

போன வருடம் டயாலிசிஸ் இனிமேல் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது, நீ வெளியே வந்து அழுதாய். உன் அம்மா அழவில்லை. சாமியார் வந்து, சாகக்கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் காலையில், நீ இட்லி வாங்கப் போயிருந்தபோது, என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பெரியவனுக்குத் தன்னை அடையாளம் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். வளர்ந்திருப்பானா, குழந்தையாகவே இருப்பானா என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை அது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குச் சாவ பயமே இல்லய்யா. அன்னிக்கு கேட்டாண்ட நீ ஊத்துன தண்ணிதான் எனக்கு தைரியம்."

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு தைரியம்தான், அதைப் பிடுங்கிக்கொண்டு அவளை அனுப்ப முடியவில்லை. நீ இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாய். நான் பேச்சை மாற்றினேன், சட்னி எங்கே என்று கேட்டேன். நான்காம் நாள் அவள் போய்விட்டாள்.

இந்த ஜூலையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இதற்கு முன்னால் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். கோபப்பட்டேன், குடித்தேன் என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு இதை மட்டும் தொண்டையில் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன். புதிதாக வந்திருக்கிற ஃபாதருக்கு உன் வயதுகூட இருக்காது. கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். நீங்கள் சொல்கிற அந்த நான்காவது இடம் திருச்சபையின் முடிவான போதனையாக என்றுமே இருந்ததில்லை, அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்து, மீட்படைவார்கள் என்று நம்புகிறோம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்காலில் இருந்துகொண்டு குருவிடம் சண்டை போட்டவன் இந்தப் பங்கிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று நான்கு பிள்ளைகளைச் சுவருக்கு வெளியே புதைத்தார்களே, அப்போது ஏன் சொல்லவில்லை என்றேன். பிறகு கேட்டேன்: "இரக்கத்துல விட்டுட்டோம்னா, தெரியாதுன்னு அர்த்தமா ஃபாதர்?"

"ஆமாங்கய்யா," என்றார். "தெரியாதுன்னுதான் அர்த்தம். நம்பிக்கை இருக்கு. தெரியாது."

அந்த ஒரு பதிலுக்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இன்னொன்றும் சொன்னார். கடவுளுக்கு முன்னும் பின்னும் கிடையாது, நேரம் நமக்குத்தான். உங்கள் தண்ணீரை அவர் கடிகாரம் பார்த்து வாங்கியிருக்க மாட்டார் என்றார். நல்ல பேச்சு. வீட்டுக்கு வரும்வரை அதையே மென்றுகொண்டு வந்தேன். ஆனால் எனக்கு வசதியாக இருக்கிற எதையும் நான் சீக்கிரம் நம்ப மாட்டேன். என் வாயிலிருந்தே ஒரு வசதியான பொய் எப்படிப் பிறந்தது என்று எனக்குத் தெரியும். பாவ மன்னிப்புக்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். முப்பத்தாறு வருடத்துக்கு மூன்று மந்திரம் கொஞ்சம் குறைவாகப் பட்டது. மிச்சத்துக்கு உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிறைகிறவரை உட்கார வைப்பார்கள், உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அதில் பயமில்லை. பயம் உன் அம்மாவை நினைத்துத்தான். அவள் போய்ச் சேர்ந்து, அவனைத் தேடியிருப்பாள். அவன் அங்கே இருந்திருந்தால் எனக்கு மன்னிப்புக் கிடைத்திருக்கும், அல்லது கன்னத்தில் நாலு அறை பாக்கி இருக்கும். இல்லாமல் இருந்திருந்தால்? மோட்சத்தில் அழுகை கிடையாது என்கிறார்கள். பிள்ளையைக் காணாத ஒரு தாயை அங்கே என்ன சொல்லிச் சமாதானம் செய்வார்கள்? இதை ஃபாதரிடம் கேட்கவில்லை. அவர் மறுபடி தெரியாது என்று சொல்லிவிடுவார்.

திருமழிசைக்கு நேற்றுப் போய்வந்தேன். அம்மா பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, இவற்றை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டேன். கீழே இரண்டு வரிக்கு இடம் விடச் சொன்னேன். அங்கே என்ன வரும் என்று கேட்டார். என் பையன் சொல்வான் என்றேன். இதைப் படித்த பிறகும் உனக்கு அந்த வரி வேண்டுமென்றால் சொல், வெட்டிவிடலாம். நான் குறுக்கே நிற்க மாட்டேன். அது உன் நம்பிக்கையாக அங்கே இருக்கட்டும். நான் சாட்சி சொன்னதாக மட்டும் இருக்க வேண்டாம், ஒரு தடவை சாட்சி சொன்னது போதும். வேண்டாமென்றால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், பின்னால் என் பேருக்கு ஆகும். என்னைத் திட்ட வேண்டுமென்றால் போன் செய்து திட்டு, இந்த முறை நான் எழுந்து போக மாட்டேன். சில நாள் பேசாமல் இருக்கத் தோன்றினால் அப்படியே இரு. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வா.

இந்த வருடப் பட்டியலில் அவன் பேரை முதலில் எழுதியிருக்கிறேன். அடிக்க ஆளில்லை. ஜூலையிலிருந்து தினமும் காலையில் அவனுக்காக ஒரு மந்திரம் சொல்கிறேன். போய்ச் சேருகிறதா, தேவையே இல்லாமல் திரும்பி வருகிறதா, எனக்குத் தெரியாது. நீ சின்ன வயதிலிருந்து அவனிடம்தான் ஜெபித்திருக்கிறாய். இனிமேல் அவனுக்காக ஜெபி. இத்தனை வருடம் கழித்து அவனுக்காகக் கேட்பதற்கு நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம், அதில் ஒருத்தனுக்கு வயதாகிவிட்டது.

அப்பா